முச்சந்தியில் ஒரு காலி டப்பா

நெதர்லாந்தின் தென்கோடியில் ஃபால்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதையொட்டிய குன்றின் உச்சி 322 மீட்டர். அங்கே நட்டிருக்கும் எல்லைக்கல்லைச் சுற்றி நாலு எட்டு வைத்தால் நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம் என்று மூன்று நாடுகளையும் மிதித்துவிடலாம். பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை. மூன்று நாட்டிலும் செலாவணி யூரோதான். கையில் ஒரு காலி பீர் டப்பா இருந்தால் மட்டும் மூன்றும் வேறு வேறு நாடுகள் என்பது தெரிந்துவிடும். கிழக்கே இறங்கி ஜெர்மனியின் ஆகன் நகரத்தில் வாங்கிய டப்பா என்றால் அதற்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. கடையில் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கைக்கு வரும். ஃபால்ஸில் வாங்கியது என்றால் 15 சென்ட். அதுவும் 2023 ஏப்ரலில் வந்த ஏற்பாடு. தெற்கே பெல்ஜியத்துக் கிராமத்தில் வாங்கியது என்றால் ஒன்றும் கிடையாது. வீட்டு வாசலில் வைக்கிற நீலப் பையில் போட வேண்டும். போடாதவர்கள் சாலையோரப் புல்லில் எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

பொருளைச் செய்து, பயன்படுத்தி, குப்பையில் போட்டு, மறுபடியும் மண்ணைத் தோண்டப் போகாமல், ஒரு முறை தோண்டியதையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறோம். இதில் உலகமே முன்மாதிரியாகக் காட்டும் நாடுகளில் இந்த மூன்றும் முன்வரிசையில் நிற்கின்றன. செல்வமும் படிப்பும் ஏறக்குறைய ஒன்று. மூன்றுமே ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவை. ஒரு நாட்டோடு இன்னொன்றை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் அமைவது அரிது. இதில் முந்தி நிற்பது யார்?

ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் இதற்கு ஒரே எண்ணில் விடை தருகிறது. ஒரு நாடு ஓர் ஆண்டில் பயன்படுத்தும் மொத்தப் பொருளில் எத்தனை விழுக்காடு மறுசுழற்சியிலிருந்து வந்தது என்ற கணக்கு அது. 2023இல் நெதர்லாந்துக்கு 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல், ஒன்றியத்திலேயே முதலிடம். பெல்ஜியம் 20ஐ ஒட்டி. ஜெர்மனி 14ஐ ஒட்டி. ஒன்றியத்தின் சராசரி 12ஐ ஒட்டி. பட்டியலைப் பார்த்துவிட்டு நெதர்லாந்து வென்றது, ஜெர்மனி தோற்றது என்று எழுதும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை.

ஆனால் வீட்டுக் குப்பையில் எவ்வளவு மறுசுழற்சிக்குப் போகிறது என்ற இன்னொரு கணக்கை எடுத்தால் வரிசை மாறிவிடுகிறது. ஜெர்மனி மூன்றில் இரண்டு பங்கை எட்டி ஐரோப்பாவின் முன்னணியில் நிற்கிறது. மற்ற இரண்டும் பாதியைத் தாண்டி அறுபதுக்குள் நிற்கின்றன. இரண்டு கணக்கிலும் பொய்யில்லை. அவை அளப்பது வேறு வேறு பொருளை. நாடுகளை ஒப்பிடும் எழுத்தில் பெரும்பாலானவை சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும்.

முதல் கணக்கில் மறுசுழற்சிப் பொருள் மேலே நிற்கிறது. நாட்டின் மொத்தப் பொருள் நுகர்வு கீழே நிற்கிறது. அந்தக் கீழெண்ணில் இரும்பும் மணலும் மரமும் மட்டுமா? நிலக்கரியும் எண்ணெயும்கூட உண்டு. எரித்த கரியை மறுசுழற்சி செய்ய வழியில்லை. மேலே சொன்ன குன்றிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் கார்ட்ஸ்வைலர், ஹம்பாக் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் வரும். ஊர்களையே விழுங்கிய பள்ளங்கள் அவை. ஜெர்மனி 2022இல் ஏறத்தாழ 13 கோடி டன் பழுப்பு நிலக்கரி தோண்டியது. 2023இல் அது 10 கோடி டன் சொச்சமாக இறங்கியது. இந்த இறக்கம் ஒன்றே அதன் சுழற்சி விழுக்காட்டை ஏற்றிவிடும். அதற்கு ஒரு பாட்டில்கூடக் கூடுதலாகத் திரும்பி வரத் தேவையில்லை. நெதர்லாந்தின் நிலம் வேறு விதம். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலுமான நாடு அது. கருங்கல் கிடையாது, சுரங்கத் தொழில் சிறிது. நெருக்கமான குடியிருப்பு, குறுகிய தூரங்கள். ஆளுக்கு இத்தனை டன் என்று கணக்கிட்டால் ஜெர்மானியரின் பொருள் நுகர்வு நெதர்லாந்துக்காரருடையதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். கீழெண் சிறியது என்பதாலேயே நெதர்லாந்தின் விழுக்காடு பெரிதாகத் தெரிகிறது. காடும் சுரங்கமும் நிறைந்த ஃபின்லாந்து இதே கணக்கில் 2 விழுக்காட்டை ஒட்டி அடிமட்டத்தில் கிடக்கிறது. ஃபின்லாந்துக்காரர்கள் குப்பை பிரிக்கத் தெரியாதவர்கள் என்று யாராவது சொல்வார்களா?

மேலெண்ணிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மறுசுழற்சிக்கென்று வெளிநாட்டுக்கு அனுப்பிய கழிவு, அனுப்பிய நாட்டின் கணக்கில்தான் சேரும். வாங்கிய நாட்டின் கணக்கில் சேராது. கழிவைச் சேகரித்தவரின் உழைப்பை மதிக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லும் நியாயம். துறைமுகத்தைத் தாண்டிய பிறகு அந்தக் கழிவு என்ன பாடுபட்டது என்பதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பு இல்லாமல் போகிறது. இதைப் பிறகு பார்ப்போம்.

எண்களைத் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொரு நாடும் எந்த வழியே வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. அதற்கு ஓர் ஏணி தேவை. 1979இல் நெதர்லாந்து நாடாளுமன்றத்தில் ஆட் லான்சிங்க் என்ற உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கழிவை உண்டாக்காமல் இருப்பது முதல் படி, அப்படியே மறுபடி பயன்படுத்துவது அடுத்தது, பொருளாகப் பிரித்து மறுசுழற்சி செய்வது அதற்குக் கீழே, எரிப்பது இன்னும் கீழே, மண்ணில் புதைப்பது கடைசி. லான்சிங்கின் ஏணி என்று அந்நாட்டில் அறியப்படும் இந்த வரிசையை ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் தன் கழிவுச் சட்டத்தில் ஐந்து படிகளாக எழுதிக்கொண்டது. மூன்று நாடுகளையும் இந்த ஏணியில் நிறுத்திப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு படியில் திறமை காட்டியிருப்பது தெரியும். மேல் படியில் இன்னும் யாரும் காலூன்றவில்லை.

ஏணியைத் தந்த நெதர்லாந்து கடைசிப் படியிலிருந்து வேகமாக ஏறியது. நிலத்தில் ஒரு பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நாட்டில் குப்பையைப் புதைக்க இடமேது? தோண்டினால் தண்ணீர். 1990களில் புதைப்பதற்கு வரி போட்டார்கள், பல வகைக் கழிவுகளைப் புதைக்கத் தடையும் விதித்தார்கள். வீட்டுக் குப்பையில் இன்று மண்ணுக்குப் போவது 1, 2 விழுக்காடு. அதன் விலையாக எரியுலைகளைக் கட்டித் தள்ளினார்கள். கட்டிய உலைக்குத் தீனி வேண்டுமே! உள்ளூர்க் குப்பை குறையக் குறைய பிரிட்டனிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் குப்பை வாங்கி எரித்தார்கள். 2020 ஜனவரி முதல் இறக்குமதிக் குப்பைக்கும் எரிப்பு வரி என்று அரசு சட்டம் மாற்றியது. மறுசுழற்சியில் முதலிடம் பிடித்த நாடு அயலாரின் குப்பையை வரவழைத்து எரித்த கதை நெதர்லாந்தைப் புகழும் நூல்களில் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

அவர்களுடைய 30 விழுக்காட்டுக்குள் எதுதான் இருக்கிறது? எடையில் பெரும் பங்கு கட்டட இடிபாடு. இடித்த காங்கிரீட்டையும் செங்கல்லையும் நொறுக்கிச் சாலைக்கு அடித்தளமாகப் போடுகிறார்கள். 95 விழுக்காட்டுக்கும் மேல் இப்படிப் போகிறது. கல் இல்லாத நாட்டுக்கு அது நல்ல காரியம். ஆனால் வீடாக நின்ற காங்கிரீட் சாலைக்கு அடியில் போய்விட்டால் மறுபடி வீடாவதில்லை; அடுத்த வீட்டுக்குப் புது சிமெண்டுதான். எடைக்கணக்கில் இது வெற்றி. மதிப்புக்கணக்கில் இறக்கம்.

இலக்கு வைப்பதில் நெதர்லாந்தின் துணிச்சலை மறுக்க முடியாது. 2050இல் முழுச் சுழற்சி, 2030க்குள் புதிதாகத் தோண்டியெடுக்கும் மூலப்பொருள் பாதியாகக் குறைய வேண்டும் என்று 2016இல் அறிவித்தது. அதைவிட எனக்கு உயர்வாகப் படுவது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சொந்த அரசின் ஆய்வு நிறுவனமான பி.பி.எல். அந்த இலக்கைச் சோதித்து அறிக்கை வெளியிடுவது. 2021, 2023, 2025 என்று வந்த அறிக்கைகள் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. மூலப்பொருள் பயன்பாடு பெரிதாகக் குறையவில்லை; இப்போதைய கொள்கையோடு போனால் 2030 இலக்கு கைக்கெட்டாது என்பதே அவற்றின் சாரம். தன் அரசின் தோல்வியைத் தன் அரசின் செலவிலேயே எண்ணிச் சொல்லும் இந்த வழக்கம் வேறெந்த விருதைவிடவும் மதிப்புள்ளது.

ஜெர்மனி இப்படி எண் இலக்கு வைக்க வெகுகாலம் தயங்கியது. தேசியச் சுழற்சிப் பொருளாதார வியூகம் என்ற ஆவணம் அமைச்சரவையில் நிறைவேறியதே 2024 டிசம்பரில்தான். 2045க்குள் ஆளுக்கு 8 டன் மூலப்பொருள் என்பதை நோக்கமாக மட்டும் சொல்கிறது. ஆனால் பெயரும் இலக்கும் வருமுன்பே அங்கே சட்டமும் பழக்கமும் வந்துவிட்டன. 1991இல் கிளாவுஸ் டோப்ஃபர் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது பொட்டலச் சட்டம் வந்தது. பொட்டலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனியே அதைத் திரும்பச் சேகரிக்கும் செலவை ஏற்க வேண்டும் என்றது அது. இன்று இந்தியா உட்பட உலகெங்கும் பேசப்படும் உற்பத்தியாளர் பொறுப்பு என்ற கருத்து, வீடுதோறும் மஞ்சள் பையாகவும் மஞ்சள் தொட்டியாகவும் முதன்முதலில் இறங்கி வந்தது அங்கேதான். 2005 ஜூன் முதல் பதப்படுத்தாத வீட்டுக் குப்பையை மண்ணில் கொட்டுவதையும் நிறுத்தினார்கள்.

அதற்கும் முந்தைய கதை ஒரு தண்ணீர் பாட்டிலுடையது. 1969இல் குந்தர் குப்பெட்ஸ் என்ற வடிவமைப்பாளர் மினரல் தண்ணீர்க் கம்பெனிகளுக்காக ஒரு கண்ணாடி பாட்டிலை வரைந்தார். கழுத்துப் பகுதியில் முத்து முத்தாக 230 புடைப்புகள்; முத்து பாட்டில் என்றே பெயர். நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட ஊற்றுக் கம்பெனிகள் ஒரே பாட்டிலைப் பங்கு போட்டுக்கொண்டன. ஹாம்பர்க்கில் குடித்த பாட்டிலை ஹாம்பர்க் பக்கத்துக் கம்பெனியே கழுவி நிரப்பலாம்; மூனிக்குக்குத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. ஒரு பாட்டில் ஐம்பது முறை வரை வலம் வரும். நம் ஊரில் காலி பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டே சோடா கொடுத்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் சட்டென்று விளங்கும். ஜெர்மனி செய்த கூடுதல் காரியம் அதைத் தேசம் முழுவதற்கும் ஒரே அளவாக்கியது. மறுபயன்பாடு என்பது மனம் திருந்துவதை விட, பாட்டிலின் வாய் ஒரே அளவாக இருப்பதைப் பொறுத்தது என்பது என் துணிபு.

இந்த மறுநிரப்பு பாட்டிலைக் காப்பாற்றத்தான் 1991 சட்டத்தில் ஒரு பொறி வைத்தார்கள். மறுநிரப்பு பாட்டிலின் பங்கு 72 விழுக்காட்டுக்குக் கீழே போனால், ஒருமுறைப் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் வைப்புத்தொகை கட்டாயமாகும். பங்கு சரிந்தது. கம்பெனிகளின் வழக்குகளைத் தாண்டி 2003 ஜனவரி 1 அன்று 25 சென்ட் அமலுக்கு வந்தது. இன்று 100 பாட்டிலில் 98 திரும்பி வருகிறது. நீலகிரியில் 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட்டி வாங்கித் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியதும் இதே தத்துவம்தான். ஆனால் ஜெர்மனியில் எதைக் காப்பாற்றச் சட்டம் வந்ததோ அது மட்டும் காப்பாற்றப்படவில்லை. மலிவு விலைச் சங்கிலிக் கடைகள் ஒருமுறை பிளாஸ்டிக் பாட்டிலையே பிடித்துக்கொண்டன. எந்திரம் பாட்டிலை வாங்கி நசுக்கிவிடும், பிளாஸ்டிக்கை விற்கலாம். கழுவுகிற தொல்லை இல்லை. திருப்பித் தரப்படாத பாட்டில்களின் வைப்புத்தொகையும் நிறுவனங்களிடமே தங்கிவிடும். மறுநிரப்பு பாட்டிலின் பங்கு இன்று 40 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சட்டம் கேட்பது 70. ஏணியின் மூன்றாம் படியில் கிடைத்த அபார வெற்றி இரண்டாம் படியைத் தின்றுவிட்டது.

அந்த 98இல் மனித முகமும் உண்டு. ஜெர்மானிய ரயில் நிலையங்களில் ஓய்வூதியம் போதாத முதியவர்கள் குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டு பாட்டில் துழாவுவார்கள். அவர்கள் கை அழுக்காகக் கூடாது என்று பாட்டிலைத் தொட்டிக்கு வெளியே வைத்துவிட்டுப் போகும் பழக்கம் பரவியிருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஒரு பணக்கார நாட்டின் மறுசுழற்சிச் சாதனையில் அதன் ஏழைகளின் முதுகு வளைந்திருப்பதையும் அது காட்டுகிறது. டப்பாவுக்கு வைப்புத்தொகை வந்த பிறகு ஆம்ஸ்டர்டாமிலும் தொட்டிகளைக் கிளறுவதும் உடைப்பதும் பெருகின. நெதர்லாந்தில் திருப்பித் தரும் இடங்கள் போதவில்லை. 90 விழுக்காடு என்ற சட்ட இலக்கை இன்னும் எட்டவில்லை. 15 சென்டுக்கும் 25 சென்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, விற்கும் எல்லாக் கடையும் திரும்ப வாங்கியாக வேண்டும் என்ற ஜெர்மானியக் கட்டாயமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பெல்ஜியத்தில் கழிவு மத்திய அரசின் அதிகாரத்தில் இல்லை. ஃபிளாண்டர்ஸ், வல்லோனியா, பிரஸ்ஸல்ஸ் என்று மூன்று வட்டாரங்களுக்கும் மூன்று சட்டங்கள். ஆகவே பெல்ஜியம் என்று ஒரே எண் சொல்வது பாதிதான் உண்மை. டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ் 1981லேயே ஓவாம் என்ற கழிவு முகமையை அமைத்தது. அங்கே பல ஊர்களில் பிரிக்காத குப்பையை ஊராட்சி முத்திரையிட்ட பையில்தான் வைக்க வேண்டும். 60 லிட்டர் பை ஊரைப் பொறுத்து ஏறக்குறைய 1 முதல் 2 யூரோ வரை. வேறு பல ஊர்களில் தொட்டியை எடை போட்டுப் பணம் கேட்கிறார்கள். பிரிக்காத குப்பை ஆளுக்கு ஆண்டுக்கு 150 கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது.

ஃபிளாண்டர்ஸின் உண்மையான பெருமை கிரிங்விங்கல் கடைகள். 150க்கும் மேற்பட்டவை. வீட்டில் வேண்டாத நாற்காலி, கோப்பை, சட்டை, சைக்கிள் எல்லாவற்றையும் இலவசமாக வாங்கி, சுத்தம் செய்து, பழுது பார்த்து மலிவாக விற்பவை. வேலை செய்வோரில் பெரும்பாலோர் நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவர்கள், வேறெங்கும் எளிதில் எடுத்துக்கொள்ளப்படாதவர்கள். ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 5 கிலோ பொருள் இப்படி இரண்டாவது வீட்டுக்குப் போகிறது. அரசு இதை எடைக் கணக்காக வைத்து இலக்கு நிர்ணயித்தது. மறுபயன்பாட்டை எண்ணத் துணிந்த அரசுகள் மிகச் சில. பழுதுபார்ப்பை அரசு எப்படிப் பார்க்கிறது என்பதற்கு வரிவிகிதம் ஓர் அத்தாட்சி. சைக்கிள், செருப்பு, துணி பழுது பார்க்க பெல்ஜியத்தில் 6 விழுக்காடு வரி, நெதர்லாந்தில் 9, ஜெர்மனியில் 19. ஜெர்மனியின் துயூரிங்கியா மாநிலம் 2021இல் மின்சாதனப் பழுதுக்கு மானியம் தந்து இதை ஓரளவு ஈடுகட்டப் பார்த்தது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் தொடங்கிய பழுதுபார்ப்புக் காப்பிக் கடைகள் இன்று மூன்று நாட்டிலும் இருக்கின்றன. அங்கே தன்னார்வலர்கள் வாரக் கடைசியில் செய்யும் வேலையை, நம் தெருமுனை மிக்சி ரிப்பேர்க்காரர் பிழைப்பாகவே செய்கிறார்; மனித உழைப்புக்கு வரி ஏறி, புதுப்பொருள் மலிந்த நாட்டில் அந்தப் பிழைப்பு செத்துவிட்டது.

பெல்ஜியத்தில் இன்னொரு இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்ட்வெர்ப்பின் ஹோபோகன் பகுதி. ஒரு காலத்தில் காங்கோவிலிருந்து வந்த செம்பை உருக்கிய ஆலை அங்கே இருக்கிறது. இன்று யூமிகோர் என்ற பெயரில் உலகெங்கிலும் இருந்து வரும் செல்பேசிப் பலகைகளையும் கார்ப் புகைவடிப்பான்களையும் உருக்கி 17 உலோகங்களைப் பிரிக்கிறது. தங்கம், வெள்ளி, பல்லேடியம். காலனிச் சுரங்கத்தின் இடத்தில் நகரச் சுரங்கம் என்று இதைப் பாராட்டுபவர்கள் சொல்வது தவறில்லை. ஆலைச் சுவரை ஒட்டி மொரெட்டுஸ்பர்க் என்ற குடியிருப்பு. அங்குள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஆண்டுக்கு இருமுறை சோதிக்கிறார்கள். 2020இல் அந்த அளவு கூடியது. அருகிலுள்ள வீடுகளை விலைக்கு வாங்கி, இடித்து, பசுமை வளையம் அமைக்க ஆலை முன்வந்தது. உலகின் மிகத் தேர்ந்த மறுசுழற்சி ஆலைக்கே இதுதான் நிலைமை என்றால், சென்னையிலோ டெல்லியிலோ திறந்த வெளியில் கம்பியை எரித்துச் செம்பு எடுக்கும் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதிப்பது யார்? சுழற்சிக் கணக்கின் எந்த விழுக்காட்டிலும் குழந்தையின் ரத்தம் ஒரு பத்தியாக இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும்.

துறைமுக விஷயத்துக்கு வருவோம். 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் ஜெர்மனியிலிருந்தும், ராட்டர்டாம், ஆண்ட்வெர்ப் வழியாகவும் கிளம்பிய பெட்டகங்கள் மலேசியா, இந்தோனேசியா, துருக்கி என்று திசை மாறின. ஒருவர் தன் குப்பையை எல்லைதாண்டிப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பினால், வாங்கியவர் அதை மறுபடி அனுப்பினால், முதலில் யார் வீட்டுக் குப்பை என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. தூத்துக்குடித் துறைமுகத்தில் பழைய காகிதம் என்று இறங்கிய பெட்டகங்களுக்குள் வெளிநாட்டு வீட்டுக் குப்பை கிடந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். காகித ஆலைக்குப் பழைய காகிதம் தேவைதான். அதனோடு கூடவரும் அழுக்கைப் பிரிப்பது இந்தியக் கூலியின் கை. 2026 நவம்பர் முதல், பணக்கார நாடுகளின் கூட்டமைப்புக்கு வெளியே உள்ள நாடுகளுக்குப் பிளாஸ்டிக் கழிவு அனுப்ப ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. அதன்பிறகு அங்கே போனதை உள்ளூரிலோ கூட்டமைப்பு நாடுகளிலோதான் பதப்படுத்த வேண்டும். ஆனால் அதே காலத்தில் நெதர்லாந்தின் பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாகின்றன. எண்ணெயிலிருந்து செய்யும் புதுப் பிளாஸ்டிக் அவ்வளவு மலிவு. பழையதைக் கழுவி உருக்கியதை வாங்க ஆளில்லை. சேகரிப்பில் எத்தனை தேர்ச்சி இருந்தாலும், வாங்குபவர் இல்லாத சரக்கு கிடங்கில்தான் தூங்கும்.

மூன்று நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபடுவது இதுதான். ஜெர்மனி திரும்ப வாங்கக் கற்றது, நெதர்லாந்து அளக்கக் கற்றது, ஃபிளாண்டர்ஸ் பழையதை மதிக்கக் கற்றது. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் வேகம்தான் வியப்பூட்டும் அளவுக்கு மெதுவாக இருக்கிறது. ஜெர்மனியின் டப்பா விதி குன்றைத் தாண்டி ஃபால்ஸுக்கு வர 20 ஆண்டு ஆனது. பெல்ஜியத்தில் இன்றும் வாதம் முடியவில்லை. பீர் பாட்டில் கண்ணாடியாக இருந்தால் அங்கும் வைப்புத்தொகை உண்டு. டப்பாவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும் நீலப் பை போதும் என்கிறார்கள் கடைக்காரர்களும் குளிர்பானக் கம்பெனிகளும். பாட்டிலின் மேல் தனிக் குறியீடு அச்சிட்டு, வீட்டிலிருந்தே செல்பேசியால் படம் பிடித்துப் பணம் பெறும் சோதனைகளும் நடந்தன.

வாதத்துக்கு இப்போது கெடு வைத்தாகிவிட்டது. ஒன்றியத்தின் புதிய பொட்டலச் சட்டம், 2029க்குள் பிளாஸ்டிக் பாட்டிலிலும் உலோக டப்பாவிலும் 90 விழுக்காட்டைத் தனியே சேகரிக்க வேண்டும், அதற்கு வைப்புத்தொகை முறையை ஏற்படுத்த வேண்டும் என்கிறது. 2026ஆம் ஆண்டில் 80 விழுக்காட்டைச் சேகரித்துக் காட்டும் நாடு மட்டும் விலக்குக் கேட்கலாம். குன்றின் தெற்குச் சரிவில் புல்லில் கிடக்கும் டப்பாவுக்கு விலை வருமா என்பது, நீலப் பைகளை அந்த ஓர் ஆண்டில் எப்படி எடை போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.